இரண்டு பாத்தி, ஒரு கிணறு

மகன்,

உங்கள் மூன்று பேருக்கும் ஸலாம். மூன்று பேர் என்று எழுதும்போதே கை கொஞ்சம் நின்றுவிட்டது. போன மாதம் வரைக்கும் நீயும் ஸப்னாவும்தானே. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீ நாலு சொல் சொல்லிவிடுவாய், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாய். பிறகு போனைப் பிள்ளையின் பக்கம் திருப்பிவிடுவாய். நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டு அவளுடைய மூக்கு யாருடைய மூக்கு என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதையும் வாசித்துவிட்டு, அதன் பிறகு கோபம் வந்தால் கோபப்படு.

எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, பயப்படாதே. களைப்புத்தான். முன்பெல்லாம் காலையில் எழுந்தால் உடம்பு முந்திக்கொண்டு போகும், நான் பின்னால் போவேன். இப்போது நான் கூப்பிட வேண்டியிருக்கிறது, அது வர யோசிக்கிறது. குசினி அடுப்படியிலிருந்து தோட்டத்துக்குப் போகிற தூரத்தில் இடையில் ஒரு தரம் தென்னையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நின்று பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அது கட்டின காலத்தில் நீ சின்னப் பையன், நாட்டில் சண்டை முடிந்த கையோடு ரோட்டெல்லாம் லொறியாக ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கிவிட்டுப் போகிறேன். இந்தக் களைப்போடுதான் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள். சில இடத்தில் கதை வளைந்து போகும்.

கண்டியில் ஸப்னாவின் உம்மா வீட்டில் பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் நம் வீட்டுக்கு வந்துவிடுவோம், இனி இங்கேதான் இருப்போம் என்று நீ சொன்னாயே, அன்றையிலிருந்து வாப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மதுரங்குளிக்குப் போய்ப் பிள்ளையை நுளம்பு கடிக்காமலிருக்க வலை வாங்கி வந்தார். வலை ஒன்று போதாதென்று இன்னொன்று. உன்னுடைய பழைய அறையைக் கழுவினோம். அலுமாரியைச் சுவரோடு தள்ளிவைத்துத் தொட்டிலுக்கு இடம் பண்ணினோம். நீ போனில், "உம்மா, பிள்ளைக்கு மாப்பாலோட நம்மட வீட்டுப் பாத்திக் கரட் சாறும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுப்பம். கடையில வாங்கிற சாமான் ஒண்டும் அவளுக்கு வேணாம்" என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பாத்திக்கு இதைவிடப் பெரிய மரியாதை யார் தரப் போகிறார்கள்? அந்த மரியாதையைத்தான் இப்போது நானே வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். ஏன் என்று சொல்வதற்கு முதலிலிருந்து வரவேண்டும்.

வீட்டுப் பாத்தி, லொறிப் பாத்தி என்ற கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நீ அதைத் தெரிந்துகொண்ட விதமும் நான் தெரிந்துகொண்ட விதமும் வேறு. நான் கலியாணம் முடித்து வந்தபோதே இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இரண்டு பாத்தி இருந்தது. பெரியது லொறிக்கு. அதற்கு யூரியா உண்டு, பூச்சிக்கு மருந்து உண்டு, லொறிக்காரனுக்குப் பளபளப்பு வேண்டும். சின்னது குசினிக்குப் பின்னால், வீட்டு வாய்களுக்கு. அதற்கு மருந்து அடிப்பதில்லை. யாரும் இதை மறைத்துச் செய்யவில்லை, யாரும் வெட்கப்படவும் இல்லை. ஒருவர் வீட்டுக்கு மரக்கறி கொடுத்தால், "இது வீட்டுப் பாத்தியில ஆஞ்சது" என்று சொல்லிக் கொடுப்போம். அந்த ஒரு சொல்லில் அவ்வளவு அன்பு இருந்தது. லொறியில் போனதைச் சாப்பிட்டவர்களும் யாரோ ஒரு உம்மாவின் பிள்ளைகள்தான் என்று அந்த நாளில் எங்களுக்குத் தோன்றவே இல்லை. லொறி ரோட்டில் ஏறிவிட்டால் அதிலிருப்பது மரக்கறி இல்லை, வியாபாரம்.

வாப்பா லொறிப் பாத்தியைப் பார்த்தார், நான் வீட்டுப் பாத்தியைப் பார்த்தேன். கோழி எரு, ஆட்டு எரு, மீன் கழுவிய தண்ணீர் என்று கிடைத்ததையெல்லாம் போட்டேன். மணல் பூமி, மகன். எவ்வளவு போட்டாலும் இன்னும் தா என்று கேட்கும். காலையில் போட்டது மாலையில் எங்கே போனது என்று தெரியாது. போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என்னுடைய பீட்ரூட் வாப்பாவின் பீட்ரூட்டில் பாதிதான் இருக்கும். அவர் சிரிப்பார். "உம்மாட பீட்ரூட்டுக்கு வெள்ளிக்கிழமையும் லீவு, சனிக்கிழமையும் லீவு" என்று உன்னிடம் சொல்வார். ஆனால் சோற்றுக்கு உட்கார்ந்தால் என் பாத்தியில் ஆய்ந்ததுதான் வேண்டும் என்பார். அந்தப் பெருமையிலேயே என் வயது போய்விட்டது.

நீ ஆலங்குடாவில் ஜூஸ் கடை போட்டது அந்தப் பெருமையை எடுத்துத்தான். காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பறக்கிற வெள்ளைக்காரர்கள் காலையில் தேத்தண்ணீர் குடிக்காமல் மரக்கறிச் சாறு குடிக்கிறார்கள் என்று நீ வந்து சொன்னபோது நானும் வாப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பீட்ரூட்டை அரைத்துப் பச்சையாகக் குடிக்கிறவனுக்கு வீட்டில் சோறு கொடுக்க ஆள் இல்லையா என்று கேட்டேன். நீ கோபித்துக்கொண்டாய். பிறகு ஒரு நாள் என்னையே கடைக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, கரட்டும் இஞ்சியும் அடித்துக் கொடுத்தாய். நன்றாகத்தான் இருந்தது. வடித்த சக்கையைச் சாக்கில் கட்டி என்னிடமே தந்துவிட்டாய், ஆட்டுக்குப் போடச் சொல்லி. பாதிச் சத்து ஆட்டுக்குப் போகிறது, வெள்ளைக்காரனுக்கு நிறம்தான் போகிறது என்று நான் சொல்லிச் சிரிக்க, அந்த ஆட்களெல்லாம் ஏன் சிரிக்கிறாள் இந்த மனுசி என்று பார்த்தார்கள்.

பிறகு யூரியா உரத்தை அரசாங்கமே ஒரேயடியாக நிறுத்தியதே, அந்த வருஷம் வந்தது. ஊரே தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தது. வாப்பாவின் வெங்காயம் சுண்டுவிரல் அளவுக்கு வந்தது. நீ மட்டும் கடையில் பெரிய பலகை ஒன்று மாட்டினாய். உம்மாவின் ஓகனிக் இயற்கைத் தோட்டம் என்று மூன்று பாஷையில். கீழே, சாதாரண மரக்கறியைவிட இரண்டு மடங்கு சத்து என்று. அதை யார் அளந்தார்கள் என்று நான் கேட்டேன். "எல்லாரும் அப்பிடித்தான் போடுறாங்க உம்மா" என்றாய். நான் விட்டுவிட்டேன். என் பெயரைப் பலகையில் பார்த்ததும் எனக்கும் வாய் அடைத்துப்போயிற்று, அதுதான் உண்மை. கடற்கரையில் போகிறவர்களெல்லாம் என் பாத்தியைப் பற்றி வாசிக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். வாப்பாவின் வாப்பா தன் கையால் தோண்டிய கிணறு. ஆழமில்லை. இந்த மணலில் ஆழம் தேவையும் இல்லை. கடல் அந்தப் பக்கம், களப்பு ஏரி இந்தப் பக்கம், இரண்டும் உப்பு, நடுவில் நம் தண்ணீர் இனிக்கும். அதனால்தான் வாப்பாவுக்கு அது கிணறு இல்லை, இன்னொரு ஆள். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணீருக்கு முதல் அந்தத் தண்ணீர் ஒரு கிளாஸ். ஸப்னா மணப்பெண்ணாக வாசலில் இறங்கிய அன்று நான்தான் கொடுத்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். மலைநாட்டு ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை, முகம் சுளிப்பாளோ என்று பயந்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இனிக்குது மாமி" என்றாள். வாப்பா அன்று முழுவதும் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதைச் சொன்னார். இந்தக் குடும்பத்தில் புதுப் பிள்ளை வந்தால் பேரீச்சம் பழத்தை நாவில் தடவியதும் விரல் நுனியில் இந்தத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். உனக்கும் வைத்தார்கள். பிள்ளை கண்டிப் பக்கத்தில் பிறந்தபடியால் அது தவறிப்போயிற்று என்று வாப்பா மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் வந்ததும் செய்யலாம் என்று.

கொழும்பில் ஒரு ஹோட்டல் உன் சாற்றைப் போத்தலில் வாங்கக் கேட்டு, அதற்கு முதல் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளையை அனுப்பினார்களே, சிலாபத்துப் பக்கத்துப் பிள்ளை, கழுத்தில் சின்னக் குருசு போட்டவள். நீ பெரிய நம்பிக்கையோடு இருந்தாய். வீட்டுப் பாத்திப் பீட்ரூட்டையும் கரட்டையும் ஒரு போத்தலில், லொறிப் பாத்தியில் ஆய்ந்ததை இன்னொரு போத்தலில், இரண்டையும் ஒரே மாதிரி அடித்து அவள் கையில் கொடுத்தாய். "பாருங்க தங்கச்சி, எது தங்கம் எது பித்தளை எண்டு நீங்களே சொல்லுவீங்க" என்றாய். வாப்பா வழக்கம்போல அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "இதுலயும் ஒரு போத்தல் தாங்க அங்கிள்" என்றாள். ருசி பிடித்துக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் கழுத்து வரை நிரப்பி, மூடியை இரண்டு தரம் இறுக்கிக் கொடுத்தார். அவள் அதையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

சாற்றின் பரிசோதனை முடிவு வந்த அன்று நீ வீட்டுக்கு வந்து குசினி வாசலில் உட்கார்ந்திருந்த இருப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சத்தில் இரண்டு போத்தலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள். விற்றமின் கிட்டத்தட்ட ஒன்று, இரும்பு ஒன்று, சீனி ஒன்று. உன் போத்தலில் ஏதோ ஒரு நிறச்சத்து கொஞ்சம் கூடுதல். மற்றதில் மருந்து மிச்சம் கொஞ்சம் இருந்தது, உன்னுடையதில் இல்லை. அவ்வளவுதான். பசளை எது என்பதைவிட எப்போது ஆய்ந்தது, எந்த வகை விதை, அடித்து எவ்வளவு நேரம் வெயிலில் வைத்திருந்தது என்பதுதான் சாற்றில் கூடுதலாகத் தெரியும் என்று சொன்னாளாம். நீ காலையில் அடித்துக் கண்ணாடிப் பெட்டியில் அழகுக்கு வைத்துவிட்டு மத்தியானம் விற்கிற சாற்றைவிட, வாப்பாவின் பீட்ரூட்டை அடித்த கையோடு குடித்தால் சத்துக் கூடுதலாக இருக்குமாம். வாப்பா அதைக் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். நீ, "அவளுக்கு மெசின் சரியில்ல" என்றாய்.

எனக்கும் வலித்தது. ஆனாலும் மருந்து இல்லை என்று சொன்னாளே, அதைப் பிடித்துக்கொண்டேன். என் பாத்தி தங்கம் இல்லாவிட்டால் போகட்டும், நஞ்சு இல்லையே. பிறகு ஸப்னாவுக்குப் பிரசவ மாதம் வந்தது, நீ கண்டிக்குப் போனாய், கடையை மூடினாய், இந்தப் பேச்சே மறந்துபோயிற்று.

போன கிழமை அந்தப் பரிசோதனைக்காரப் பிள்ளை போன் பண்ணினாள். உன் போன் மலைக்குள் அன்றைக்கு வேலை செய்யவில்லை என்று வீட்டுப் போனுக்கு எடுத்திருந்தாள். தண்ணீர் முடிவு பிந்தித்தான் வந்ததாம். அவளுக்குச் சுற்றிப் பேசத் தெரியாது. "அன்ட்டி, கோவிக்காதீங்க, ஒண்டு கேக்கட்டா? வீட்டில கைப்பிள்ளை யாரும் இருக்கா?" என்றாள். பேத்தி பிறந்திருக்கிறாள், நாற்பது கழிந்ததும் வரப் போகிறாள் என்று சந்தோஷத்தில் சொன்னேன். பிறகு, "பிள்ளை தாய்ப்பால் மட்டுமா குடிக்குது?" என்றாள். ஸப்னாவுக்குப் பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்றேன்.

"அப்ப அன்ட்டி, உங்கட கிணத்துத் தண்ணியில அதைக் கரைக்க வேணாம்."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் தண்ணீரைக் குடித்தவர்களைக் கேட்டுப்பார் என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். நம் பூமியில் போடுகிற யூரியா மணலுக்குள் நிற்பதில்லை. வேறொரு சாமானாக மாறித் தண்ணீரோடு தண்ணீராக இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. தண்ணீர் இறைக்கிற மிசினைப் போட்டால் அதே தண்ணீர் மேலே வந்து திரும்பப் பாத்திக்குப் பாய்கிறது. இத்தனை வருஷம் இறங்கினதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. பெரிய ஆட்களை அது உடனே ஒன்றும் செய்யாது. கைப்பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் இரத்தத்தில் மூச்சு ஓடுவதைத் தடுத்துவிடுமாம். உதடு நீலம் பாரிக்குமாம்.

"கொதிக்கவச்சுக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"கொதிக்க வச்சா தண்ணிதான் குறையும் அன்ட்டி. அது குறையாது, இன்னும் கூடும்."

மகன், மணல் தண்ணீரை வடித்துத் தரும் என்றுதானே இந்தக் கரை முழுக்க நம்பி இருந்தோம். கலங்கின தண்ணீரை மணலில் ஊற்றினால் தெளிவாகத்தானே வருகிறது. தெளிவாக இருந்தால் சுத்தம் என்று எடுத்துக்கொண்டோம். எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. என் வீட்டுப் பாத்திக்கு நான் யூரியா போடவில்லையே, அது தப்புமா என்று கேட்டேன். "தண்ணி எங்க இருந்து பாய்ச்சுறீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்ட அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கியது. இரண்டு பாத்தி வைத்தோம், இரண்டு விதமாகப் பார்த்தோம், லொறிக்கு ஒன்று நமக்கு ஒன்று என்று பிரித்தோம். கிணறு ஒன்றுதான். வாப்பா அங்கே போட்டதை நான் இங்கே வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு, என் பாத்தி சுத்தம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதோடு அவள் விடவில்லை. கோழி எருவை அளவில்லாமல் போட்டாலும் மணலில் அதுதான் நடக்குமாம். அப்படியென்றால் என் பங்கும் அந்தக் கிணற்றில் இருக்கிறது.

கரட் சாற்றையும் கேட்டேன். பீட்ரூட்டிலும் கரட்டிலும் அந்தச் சாமான் இயல்பாகவே உண்டாம், அதிலும் பீட்ரூட்டில் நிறைய. ஓகனிக்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும். உன் கடைக்கு வருகிற வெள்ளைக்காரி ஒருத்தி, பீட்ரூட் சாறு குடித்தால் கடலில் மூச்சு நீளமாக நிற்கிறது என்று சொன்னதாக நீ சொல்லுவாயே, அதைச் செய்வதும் இதுதானாம். அவளைக் கடலுக்கு மேலே பறக்க வைக்கிற சாமான் நம் பிள்ளைக்கு ஆகாது. முதல் மாதங்களில் சாறு என்று ஒன்றும் வேண்டாம், பால் மட்டும்தான், பிறகு மிட்வைஃப் மிஸ் சொல்கிற மாதிரிச் செய்யுங்கள் என்றாள். போனை வைப்பதற்கு முன், "உங்கட தண்ணி ருசியாத்தான் இருந்திச்சு அன்ட்டி, பொய் சொல்லயில்ல" என்றாள். அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. சொன்னாள். நல்ல பிள்ளை.

வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சொன்னபோது எதிர்பார்த்தது நடந்தது. "பொறந்த நாள்ல இருந்து இதத்தான் குடிக்கிறன். நான் என்ன நீலமாவா இரிக்கிறன்?" என்றார். கொழும்பு ஹோட்டல்காரன் விலையைக் குறைக்கச் செய்கிற வேலை இது என்றார். என் மாமனார் தோண்டின கிணற்றை நான் குறை சொல்வதாகவும் சொன்னார். எனக்கும் வாய் இருக்கிறதே. கிணறு என்ன செய்தது, அது சும்மா கிடந்தது, போட்டது நாம்தானே என்றேன். அவர் மிசினை நிறுத்திவிட்டுக் கிணற்றுக் கட்டின் மேல் போய் உட்கார்ந்தார். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன், வாங்கிக்கொண்டார். அந்தத் தேத்தண்ணீரும் அதே தண்ணீரில் ஊற்றினதுதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். குடித்தார்.

பிறகு அவரே கேட்டார். "பசளைய இண்டைக்கு நிப்பாட்டினா, தண்ணி எப்ப சரிவரும்?" அதை நான் பரிசோதித்த பிள்ளையிடம் கேட்டிருந்தேன். சொல்ல முடியாது, வருஷங்கள் போகும், நாம் மட்டும் நிறுத்தினாலும் போதாது, பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இறங்குகிறது என்று சொல்லியிருந்தாள். வாப்பா தென்னையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அவ பள்ளிக்கூடம் போற வயசுல வந்து குடிக்கட்டும்" என்றார். யூரியாவை அள்ளி வீசாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடலாம், மழை வருகிற நாளில் போடாமல் விடலாம் என்று அந்தப் பிள்ளை சொன்னதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அடியோடு நிறுத்துகிற அளவுக்கு நமக்கு வசதி இல்லை, அது உனக்கும் தெரியும். அந்த வருஷத்துச் சுண்டுவிரல் வெங்காயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

உனக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். திரும்பக் கடை திறக்கும்போது பலகையைக் கழற்று. தோட்டம் என்னுடையது என்று இருக்கட்டும், மருந்து அடிக்காதது என்று இருக்கட்டும், அது பொய் இல்லை. இரண்டு மடங்கு சத்து என்பதை அழித்துவிடு. கண்ணாடிப் பெட்டி அழகை விட்டுவிட்டு, ஆள் வந்து கேட்டதும் அடித்துக் கொடு. கைப்பிள்ளையோடு வருகிறவள் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்கப் பார்த்தால், வேண்டாம் என்று சொல். வியாபாரம் குறைந்தால் குறையட்டும். பீட்ரூட்டுக்குத் தன் தாய் யார் என்று தெரியாது மகன், அது மண்ணில் கிடைத்ததை எடுத்து வளர்கிறது. அதை வைத்து நீயும் நானும்தான் பெரிய கதை கட்டினோம். கதையில் என் பெயர் வந்ததால் நானும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

இனி, நீங்கள் இங்கே வருகிற கதை. நீங்கள் வரவேண்டாம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அங்கேயே ஸப்னாவின் உம்மா வீட்டில் மலைத் தண்ணீரோடு இருக்கட்டும் பிள்ளை, ஒரு வயது கழியட்டும் என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. எனக்கு இருக்கிற காலம் எவ்வளவு என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வாப்பா ஒவ்வொரு நாளும் அந்த அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டு, பின்னேரம் போய் மூடுகிறார். யாருக்காக என்று நான் கேட்பதில்லை. இங்கே குழாய்த் தண்ணீர் இன்னும் நம் ரோட்டுக்கு வரவில்லை. டிரக்டரில் கொண்டுவந்து விற்கிற தண்ணீரை எந்தக் கிணற்றில் நிரப்புகிறார்கள் என்று கேட்டால் அவர்களே ஆளை ஆள் பார்க்கிறார்கள். பரிசோதித்த பிள்ளை, சீல் வைத்த போத்தல் தண்ணீர் என்றால் கொடுக்கலாம் என்றாள். வந்து தங்கி இருக்க வேண்டாம். வந்து பார்த்துவிட்டுப் போங்கள். சில நாள் போதும்.

நேற்று வாப்பா பிள்ளையின் அறையில் அலுமாரியின் கீழ்த் தட்டைக் காலி பண்ணினார். அதில் இருந்தது அவருடைய வேட்டிகளும் தொப்பிகளும். எதற்கு என்று கேட்டேன். "போத்தல் வைக்க இடம் வேணுமே" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவங்கிட்ட நீ சொல்லு. என்னால ஏலாது" என்றார்.

அதனால்தான் நான் எழுதுகிறேன். இந்த வாசலுக்கு வந்த யாரையும் நாம் தண்ணீர் கொடுக்காமல் உள்ளே எடுத்ததில்லை. ஸப்னாவுக்கு என் கையால் கொடுத்தேன், உனக்கு அவர் விரலால் கொடுத்தார். இப்போது என் பேத்தி முதல் தடவை வரும்போது இதைச் சொல்ல என் வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன், மகன். வரும்போது பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டு வா.

உன் உம்மா